ஜேர்மன் மொழியும் நோயாளர் பராமரிப்பும்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து தொடங்குபவர்களுக்கு

சனிக்கிழமை காலையில் யாராவது ஒரு தாய் மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு என் ஜேர்மன் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். “பிள்ளையை ஜேர்மனிக்குத் தாதி வேலைக்கு அனுப்ப வேண்டும், எத்தனை மாதத்தில் முடியும்?” என்பது கேள்வி. நான் பிள்ளையைப் பார்த்துத் திருப்பிக் கேட்பேன்: “படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு மலம் துடைத்துவிட்டிருக்கிறீர்களா?” தாய்மார் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு பெண் மட்டும் சிரித்துக்கொண்டு, “எங்கள் பெத்தாவுக்கு இரண்டு வருடம் செய்தேன்” என்றாள். இப்போது அவள்தான் வகுப்பில் எல்லோரையும் விட வேகமாகப் படிக்கிறாள். அவள் கற்கும் சொல் ஒவ்வொன்றும் அவள் கைகள் ஏற்கனவே செய்த ஒரு வேலையின் பெயர்.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்லப்போவதற்கு அந்தப் பெண்தான் சான்று. மொழியை ஒரு வருடம், பராமரிப்பை ஒரு வருடம் என்று தனித்தனியே வைத்துக் கொள்ளாதீர்கள். இரண்டையும் ஒரே காலத்தில், ஒன்றுக்குள் ஒன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் மாதம்: காசு கட்டாமல் செய்ய வேண்டியது

எந்த வகுப்புக்கும் பணம் கட்ட முன்னர், வீட்டிலோ அயலிலோ நோயில் கிடக்கும் முதியவர் ஒருவருக்கு ஒரு மாதம் உதவி செய்து பாருங்கள். சொந்தக்காரரே போதும். காலையில் உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை படுக்கையில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஊட்டி முடிந்த பின்னும் அரை மணி நேரம் அப்படியே இருக்க விட வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும்.

திருப்பும்போது முதுகின் அடி எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிக்கால் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவப்பாக ஒரு தடம் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் பயமில்லை, அந்தப் பக்கத்தில் பாரம் விழாமல் படுக்க வைத்தால் ஆறிவிடும். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், விரலால் தடவித் தோல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜேர்மனியில் இதற்கு ‘டெகூபிடுஸ்’ என்று பெயர். நீங்கள் கற்கும் முதல் தொழிற்சொல் இதுவாக இருக்கட்டும்.

ஒரு மாதம் செய்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்கியலோ சமையலோ படியுங்கள். மூன்று இலட்சம் கட்டிவிட்டு அதைக் கண்டுபிடிப்பதை விட இது மலிவு.

பெயர்களில் ஏமாற வேண்டாம்

பராமரிப்பாளர், தாதி உதவியாளர், பதிவு பெற்ற தாதி என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு தகைமைகள். அரசாங்கத் தாதியர் கல்லூரிக்கு வர்த்தமானி அறிவித்தல் மூலம் விண்ணப்பம் கோருவார்கள். உயர்தரப் பெறுபேறு வேண்டும். படிப்பு மூன்று ஆண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியர் பட்டப்படிப்பும் இருக்கிறது. அந்த இடம் கிடைத்தவர் வேறு எதையும் யோசிக்காமல் அங்கே போங்கள். பதிவு பெற்ற தாதியாக ஜேர்மனிக்குப் போவது முற்றிலும் வேறு பாதை, அங்கே அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கும் பாதை.

ஆறு மாதச் சான்றிதழோடு வெளியே வருபவர் பராமரிப்பாளர் அல்லது தாதி உதவியாளர். அதை வைத்து இங்கே தனியார் வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ வீட்டிலோ வேலை பார்க்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டினால் மட்டும் ஜேர்மன் விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் படிப்பு உங்களுக்குத் தருவது வேறு: கை பழகும், வார்டில் நின்ற நாட்கள் சுயவிபரக் கோவையில் ஏறும், நேர்முகத்தில் “ஏன் இந்தத் தொழில்?” என்று கேட்கும்போது மனப்பாடம் செய்யாத ஒரு பதில் இருக்கும்.

வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. மூன்றும் நான்கும் தொழிற் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பராமரிப்புத் துறையில் புதிதாக வருபவர் மூன்றிலோ நான்கிலோதான் தொடங்குவார். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகள் ஆகிய அரச நிலையங்களில் முதலில் கேளுங்கள். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. எந்த ஆண்டில் எந்தப் பாடம் நடக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் நேரில் போய்க் கேட்பதே நல்லது. உங்கள் பிரதேச செயலகத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் ஒரு தடவை விசாரியுங்கள்.

தனியார் நிலையம் என்றால் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவு செய்யப்பட்டிருப்பது ஒன்று. அங்கே நடக்கும் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது இன்னொன்று. சுவரில் தொங்கும் சட்டகத்தில் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும். என்.வி.கியூ. சான்றிதழ் கிடைப்பதற்கு இரண்டாவது வேண்டும். நான் ஒருமுறை ஒரு நிலையத்தில் இதைக் கேட்டேன். வரவேற்பில் இருந்த தம்பி உள்ளே போய் வந்து, “அது வந்துகொண்டிருக்கிறது” என்றார். பஸ் வருவது போலச் சொன்னார். வந்த பிறகு சேருங்கள்.

இன்னும் மூன்று கேள்விகள் உண்டு. எத்தனை நாள் வைத்தியசாலை வார்டில் நிற்க விடுவார்கள்? கட்டிலும் சக்கர நாற்காலியும் வகுப்பில் இருக்கின்றனவா, எல்லாம் கணினித் திரையில்தானா? இறுதி மதிப்பீட்டைச் செய்பவர் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளரா? முதல் கேள்விக்கு நாட்கணக்கில் பதில் வராத இடத்தில் சேர வேண்டாம். ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முழங்காலை மடித்து, அவரை உங்கள் உடம்போடு அணைத்து எழுப்ப வேண்டும். குனிந்து இழுத்தால் இருபத்தைந்து வயதில் உங்கள் நாரி போய்விடும். இதைக் கொப்பியில் எழுதிப் பழக முடியாது.

படுவான்கரையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்முனைப் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வருவது எவ்வளவோ இலகு. ஆனாலும் மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கு உங்கள் ஊருக்கு பஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். படிப்பில் கெட்டிக்காரர்கள் இடையில் நின்றுவிட்டதற்குக் கடைசி பஸ்தான் காரணம் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜேர்மன்: எவ்வளவு காலம்?

மட்டங்கள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும். ஜேர்மன் மொழியைக் கற்பித்துப் பரீட்சையும் நடத்தும் கோதே நிறுவனத்தின் கணக்கில், ஆரம்பத்திலிருந்து பி1 வரை 350 முதல் 650 பாடவேளைகளும், பி2 வரை 600 முதல் 800 பாடவேளைகளும் வேண்டும். ஒரு பாடவேளை 45 நிமிடம். இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். சனி, ஞாயிறில் நாளுக்கு நான்கு பாடவேளை என்றால் கிழமைக்கு எட்டு. 700 பாடவேளைக்கு 87 கிழமை, அதாவது இருபது மாதம். ‘ஆறே மாதத்தில் பி2’ என்ற விளம்பரம் உண்மையாக வேண்டுமானால் ஒவ்வொரு வார நாளும் ஐந்தாறு பாடவேளை இருந்து, வீட்டிலும் படிக்க வேண்டும். அப்படி முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

வகுப்புக்கு வசதியில்லாதவர்கள் இலவசமாகத் தொடங்கலாம். ஜேர்மனியில் ஊருக்கு ஊர் ‘ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூல’ என்று ஒரு மக்கள் கல்லூரி இருக்கிறது. வேலை முடிந்து வருபவர்கள் மாலையில் மொழியும் தொழிலும் படிக்கும் இடம் அது. இந்தக் கல்லூரிகளின் சங்கம் இணையத்தில் ஒரு கற்றல் தளம் நடத்துகிறது. ஏ1 முதல் பி2 வரை, கட்டணமில்லை. டொய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனத்தின் காணொளிப் பாடங்களும் இலவசம். ஏ1 மட்டத்தை இவற்றோடு வீட்டிலேயே தொடங்கி, உச்சரிப்பைத் திருத்த மட்டும் ஒருவரிடம் போனால் பாதிச் செலவு மிச்சம்.

தமிழருக்கு எது இலகு, எது கடினம்

வினைச்சொல் கடைசியில் வருவது நமக்குப் பழக்கம். ‘நோயாளிக்கு வலி இருப்பதால்’ என்பதை ஜேர்மனில் ‘வைல் டெர் பட்ஸியென்ட் ஷ்மெர்ட்ஸன் ஹாட்’ என்பார்கள். கடைசிச் சொல்லான ‘ஹாட்’ தான் வினை. ஆங்கிலத்தை நடுவில் வைத்து மொழிபெயர்ப்பவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். தமிழிலிருந்து நேரே போகிறவர்களுக்கு வாக்கியம் தானாக வருகிறது. மரியாதைப் பன்மையும் நமக்குப் புதிதல்ல. ‘டூ’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். வளர்ந்த நோயாளிக்கு எப்போதும் ‘ஸீ’தான்.

ஆனால் ஒரு இடத்தில் நம்முடைய மரியாதையே அங்கே அவமரியாதையாகிவிடும். இங்கே வார்டில் ஒரு முதியவரை ‘அம்மம்மா’, ‘பெத்தா’ என்று கூப்பிட்டால் அவர் முகம் மலரும். அங்கே முன்பின் தெரியாத முதியவரை ‘ஓமா’, அதாவது பாட்டி, என்று கூப்பிட்டால் அவரைக் குழந்தையாக நடத்துவதாக எடுத்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு ‘ஃப்ராவ்’, ஆணுக்கு ‘ஹெர்’ போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன் ‘டார்ஃப் இஹ் ஈனன் ஹெல்ஃபன்?’, நான் உதவலாமா, என்று கேட்க வேண்டும். கேட்காமல் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவது நமக்கு அன்பு, அங்கே அவமரியாதை.

கடினமானவற்றில் முதலாவது, பால். பெண்பிள்ளையைக் குறிக்கும் ‘மேட்ஹன்’ என்ற சொல் ஜேர்மனில் அஃறிணைபோல மூன்றாம் பாலில் நிற்கும். சூரியன் பெண், சந்திரன் ஆண். காரணம் தேட வேண்டாம், சொல்லோடு சேர்த்தே ‘டெர், டீ, டாஸ்’ என்பதையும் மனதில் போடுங்கள். இரண்டாவது, நமது எழுத்து. கால் என்பதற்கான சொல்லும் வேதனை என்பதற்கான பழைய சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பைன்’. முதலாவது குரல் அதிரும் ‘ப’, இரண்டாவது காற்று வெடிக்கும் ‘ப’. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிப் படிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கடைசிவரை கேட்பதில்லை. நான் இங்கே தமிழில் எழுதியிருப்பதையும் வழிகாட்டிப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒலியைக் காதால் எடுங்கள்.

மூன்றாவதுதான் இந்தத் தொழிலில் ஆபத்தானது: எண்கள். ஜேர்மனில் ஒன்றாம் தானம் முதலில் வரும். 84 என்பதை ‘ஃபீர்-உன்ட்-ஆஹ்ட்ஸிஹ்’, நான்கும் எண்பதும், என்று சொல்வார்கள். கேட்ட ஒழுங்கில் எழுதினால் 48. நாடித்துடிப்பு 84 என்றால் கவலையில்லை, 48 என்றால் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். முழு வாக்கியத்தையும் சரியாக எழுதும் மாணவர்கள்கூட இதில் விழுகிறார்கள். நான் வகுப்பில் செய்யும் பயிற்சி இது: ஒருவர் மற்றவரின் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணி, ஜேர்மனில் சொல்ல வேண்டும், மூன்றாமவர் எழுத வேண்டும். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் தினமும் காலையில் அம்மாவுக்கு அளந்து ஜேர்மனில் வாசியுங்கள். இரண்டு மாதத்தில் காது திரும்பிவிடும். அம்மாவின் பிரஷரும் கவனத்தில் இருக்கும்.

பரீட்சை

ஜேர்மன் தூதரகம் ஏற்கும் சான்றிதழ் வேண்டும். இங்கே பெரும்பாலோர் எழுதுவது கோதே நிறுவனத்தின் பரீட்சை, அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். நீங்கள் படித்த நிலையம் தரும் ‘பி1 முடித்தவர்’ என்ற கடதாசி இதற்குச் செல்லாது.

ஏ1 பரீட்சை சிறியது. கேட்டல் சுமார் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, பேசுதல் குழுவாகச் சுமார் 15. நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. பேசுதலில் முதலில் உங்களை அறிமுகம் செய்ய வேண்டும். அடுத்ததாகப் பெயரை எழுத்துக்கூட்டவும் ஓர் இலக்கத்தைச் சொல்லவும் கேட்பார்கள். நம்முடைய நீண்ட பெயர்கள் இங்கேதான் பழிவாங்கும். ஆங்கிலத்தில் ‘ஏ’ என்று சொல்லும் எழுத்து ஜேர்மனில் ‘ஆ’. ஆங்கிலத்தில் ‘ஈ’ என்பது ஜேர்மனில் ‘ஏ’. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்பது ஜேர்மனில் ‘ஈ’. ‘ஜே’ என்பது ‘யொட்’, ‘வை’ என்பது ‘உப்ஸிலொன்’, ‘வி’ என்பது ‘ஃபௌ’. விஜயலட்சுமி என்ற பெயரை வைத்திருப்பவர் அதைக் கனவிலும் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். நானே என் பெயரில் தடுக்கி, நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவி, பிறகு வாயடைத்து நின்றவன்.

பி1 பரீட்சை நான்கு பகுதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் தனித்தனியே 60 எடுக்க வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் விண்ணப்பம் திறக்கும் நாளைக் குறித்து வையுங்கள். இரவு ரயிலில் போய் அதிகாலையில் கோட்டையில் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகத் திட்டமிடாதீர்கள். ஒரு நாள் முன்பே போய்த் தூங்குங்கள். கேட்டல் பகுதியில் தூக்கக் கலக்கம் பத்துப் புள்ளிகளைச் சாப்பிட்டுவிடும்.

கடதாசிகள்

இதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், கடவுச்சீட்டு ஆகிய எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தர்ஷினி என்ற பெயர் ஒன்றில் ‘டி’யில் தொடங்கும், இன்னொன்றில் ‘டிஎச்’, மூன்றாவதில் ‘டிஎச்’ போய் ‘ரிஎச்’ ஆகிவிடும். தகப்பன் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப்பெயராகவும் இருக்கும். நமக்கு இது சாதாரணம். ஜேர்மன் உத்தியோகத்தருக்கு இரண்டு வேறு ஆட்கள். திருத்த மாதக்கணக்கு ஆகும். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் செய்யுங்கள்.

சிறுவயதுத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். 2020 மார்ச் முதல் ஜேர்மனியில் வைத்தியசாலை, பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்கள், 1970க்குப் பின் பிறந்தவர்களானால், சின்னமுத்துத் தடுப்பூசிக்கோ நோயெதிர்ப்புக்கோ சான்று காட்ட வேண்டும். அட்டை வெள்ளத்திலோ இடம்பெயர்விலோ போயிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பேசுங்கள்.

அங்கே காத்திருப்பது

புதியவருக்குத் திறந்திருக்கும் பெரிய வாசல் மூன்றாண்டுத் தாதியர் தொழிற்பயிற்சி. 2020இல் வந்த புதிய சட்டத்தின்படி சிறுவர், பெரியவர், முதியோர் என்று பிரிந்திருந்த பயிற்சிகள் ஒன்றாக்கப்பட்டன. வகுப்பறையில் 2,100 மணித்தியாலம், வார்டிலும் இல்லங்களிலும் 2,500 மணித்தியாலம். கல்விக் கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. பொதுத்துறை நிறுவனங்களில் முதலாண்டில் மாதம் 1,300 யூரோவுக்கு மேல். காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் வெட்டி மிச்சம்தான் கைக்கு வரும், அதிலிருந்துதான் வாடகை. ரூபாவில் பெருக்கிப் பார்த்துக் கனவு காண்பவர்கள் வாடகையையும் அதே விலையில் பெருக்குங்கள்.

சேர்வதற்குப் பொதுவாகப் பத்தாண்டுப் பாடசாலைக் கல்விக்குச் சமமான சான்றிதழ் வேண்டும். சமமா என்று தீர்மானிப்பது அந்தந்த மாநிலத்தின் அலுவலகம். மொழி பி1 குறைந்தபட்சம், பல பாடசாலைகள் பி2 கேட்கும். பி1உடன் போனவர்கள் முதலாண்டில் உடற்கூற்றியல் பாடத்தில் மூச்சுத் திணறுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதால், முடிந்தவரை பி2 முடித்துவிட்டுப் போங்கள் என்பது என் அபிப்பிராயம். விசாவுக்கு முன் பயிற்சி நிறுவனத்தின் ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். தேசிய விசாவின் கட்டணம் 75 யூரோ. இலட்சக்கணக்கில் ‘விசாக் காசு’ கேட்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட முன்

முகவர் மூலம் போவதென்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஜேர்மனியில் தாதியர் ஆட்சேர்ப்புக்கு அரசாங்கத்தின் நேர்மை முத்திரை ஒன்று இருக்கிறது. அதன் விதிப்படி ஆட்சேர்ப்புச் செலவு தொழில் கொடுப்பவருடையது, போகிறவருடையது அல்ல. சுவிஸிலோ ஜேர்மனியிலோ இருக்கும் மாமா ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றாலும், ஒப்பந்தத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் ஜேர்மன் பிரதியைக் கேளுங்கள். ஆங்கிலச் சுருக்கம் போதாது. பி1 படித்தவருக்கு அது பாதிக்கு மேல் புரியும். ‘அர்பைட்ஸ்ட்ஸைட்’ வேலை நேரம், ‘ஃபெர்க்யூடுங்’ கொடுப்பனவு, ‘ப்ரோபட்ஸைட்’ பரீட்சார்த்தக் காலம், இந்தப் பயிற்சியில் அது ஆறு மாதம். பென்சிலால் ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டுக்கொண்டு போங்கள். ‘ரூக்ட்ஸாலுங்’ என்ற சொல் எங்காவது தட்டுப்பட்டால் நில்லுங்கள். அது திருப்பிச் செலுத்துதல். யார், எவ்வளவு, எந்தச் சந்தர்ப்பத்தில் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று எழுத்தில் பதில் வரும்வரை பேனாவை மூடி வையுங்கள்.